செல்ஃப் எடுக்காத லாரியும் சிலமலை அத்தையும்

அத்தைக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். கீழே உட்கார்ந்துவிடுவாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு காலை மடக்கி, இந்த இடத்துக்குப் பட்டா வாங்கிவிட்டவள் மாதிரி உட்காருவாள். அதன் பிறகு அவள் கேட்டதைக் கொடுத்தால்தான் எழுப்ப முடியும். பசித்தால் தானே எழுந்துவிடுவாள் என்று நினைத்தவர்கள் ஏமாந்து போனார்கள். மடியில் எப்போதும் பொரிகடலை வைத்திருப்பாள்.

சொந்த அத்தை இல்லை. சிலமலையிலிருந்து முதல் பஸ்ஸில் போடிக்கு வந்து, எங்களோடு ஜீப்பில் ஏறி, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த ஏலக்காய்த் தோட்டத்துக்குக் காய் எடுக்க வருவாள். நான் பன்னிரண்டாவது முடித்திருந்தேன். மேலே படிக்க வைக்க வீட்டில் வழியில்லை. தையல் படித்துக் கடையில் உட்காரும் வரைக்கும் சில வருடங்கள் நானும் அந்த ஜீப்பில் போனேன். முதல் நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். "அத்தேன்னு கூப்பிடு" என்றாள். "அக்கான்னு கூப்பிட்டா சோலி சொல்லுவேன். அத்தேன்னா சோறு தருவேன்." அப்படியே கூப்பிட்டேன். இரண்டுமே நடந்தது.

மற்றவர்கள் அவளைச் சிலமலைக்காரி என்பார்கள். அவள் இல்லாதபோது வம்புக்காரி என்பார்கள்.

அவளைப் பற்றி ஜீப்பில் ஒரு கதை ஓடும். கல்யாணமான புதிதில் மாமா ஒருநாள் கை நீட்டிவிட்டாராம். அத்தை அழவில்லை, அம்மா வீட்டுக்கும் போகவில்லை. நேராகக் குழாயடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டாளாம். தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் என்னடி என்று கேட்டால், "அவரு அடிச்சாரு. எதுக்குன்னு எனக்குத் தெரியல, நீங்க போயி கேட்டுச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னாளாம். ஒவ்வொருத்தராகப் போய் மாமாவிடம் எதுக்கு எதுக்கு என்று கேட்டு, பொழுது சாய்வதற்குள் மனுஷன் குழாயடிக்கே வந்து, இனிமேல் கை ஓங்க மாட்டேன் என்று நாலு பேர் முன்னால் சொல்லிக் கூட்டிப்போனாராம்.

இது நிஜமா என்று அத்தையிடமே கேட்டேன்.

"பொய்யி" என்றாள். "குழாயடி இல்ல. ஊர் மந்தையில."

மாமாவை நான் பார்த்திருக்கிறேன். ஒல்லியான, சத்தமில்லாத மனிதர். சில நாள் காலையில் அத்தை மறந்துவிட்டு வந்த தூக்குவாளியை அடுத்த பஸ்ஸில் கொண்டுவந்து ஜீப்பு ஸ்டாண்டில் கொடுத்துவிட்டுப் போவார். கொடுக்கும்போது முகத்தில் ஒரு பெருமை இருக்கும். பயமா பெருமையா என்று ராமுத்தாய் பந்தயம் கட்டுவாள்.

ராமுத்தாயும் எங்கள் ஜீப்புதான். அத்தை வயசுக்காரி, போடிக்காரி. இரண்டு பேருக்கும் ஆகாது. அத்தை ஒன்று சொன்னால் ராமுத்தாய் வேறொன்று சொல்லுவாள். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாளாகச் சமாளிக்கிறவள். ஒருநாள் கூலி போனால் அவள் வீட்டு அடுப்பு சும்மா இருக்கும். அத்தை எங்கேயாவது உட்கார்ந்தால் முதலில் பதறுவது அவள்தான்.

தோட்டத்தில் காய் உலர்த்துகிற கட்டடத்தை ஸ்டோர் என்பார்கள். சாயங்காலம் அங்கே மூட்டையை எடை போட்டுவிட்டு எங்களுக்கு டீ கொடுப்பார்கள். ஸ்டோருக்கு முன்னால் தகரம் போட்ட சிமெண்ட் வராண்டா உண்டு. அதில் நாங்கள் ஏறக்கூடாது; கால் சேறு. ஆடி மழையில் டம்ளரைக் கையால் மூடிக்கொண்டு முற்றத்தில் நின்று குடிப்போம். அத்தை ஒருநாள் தொட்டியில் காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பிறகு டம்ளரோடு வராண்டாவில் ஏறி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். "யம்மா, கீழ எறங்கு. மொதலாளி பாத்தா என்னையத் திட்டுவாரு."

"மழை எறங்கட்டும், நானும் எறங்குறேன்."

"சொன்னாக் கேக்க மாட்டியா?"

"காலக் கழுவிட்டேன். சந்தேகம்னா தொட்டுப் பாரு."

யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. மழை விடுவதற்குள் நாங்கள் எல்லோரும் காலைக் கழுவிக்கொண்டு மேலே போயிருந்தோம். ராமுத்தாய் மட்டும் கொஞ்ச நேரம் முற்றத்திலேயே நின்றாள். பிறகு தும்மிக்கொண்டே அவளும் ஏறினாள்.

லாரி கதைக்கு வருகிறேன்.

ஜீப்பு எங்களை மெயின் ரோட்டில் இறக்கிவிடும். அங்கிருந்து தோட்டத்துக்குள் போக எஸ்டேட் லாரி. என் வயதைவிட மூத்த வண்டி. என்ன கலர் என்று யாருக்கும் நினைவில்லை. சாயங்காலம் பச்சைக்காய் மூட்டைகளும் நாங்களும் அதே லாரியில் முதலில் ஸ்டோருக்கு, பிறகு ரோட்டுக்கு. அந்த லாரியின் செல்ஃப் மோட்டார் செத்துக் கிடந்தது. டிரைவர் சாவியைத் திருப்பியதும் இஞ்சினைச் சுற்றிக் கிளப்பிவிட வேண்டிய மோட்டார் அதுதான். திருப்பினால் டக்கென்று ஒரு சத்தம் வரும். அதோடு சரி.

டிரைவர் அண்ணன் நல்ல மனிதர். முடிந்தமட்டும் வண்டியைச் சரிவில் நிறுத்துவார். பிரேக்கை விட்டால் தானாக உருண்டு ஸ்டார்ட் ஆகிவிடும். ஆனால் சாயங்காலம் மூட்டை ஏற்றுகிற களம் சமதளம். களத்தைத் தாண்டினால் ஒரு சின்ன மேடு, மேட்டுக்கு அப்புறம்தான் இறக்கம். அந்த மேடு வரைக்கும் லாரியை நாங்கள் தள்ள வேண்டும். செல்ஃபைச் சரிபண்ணித் தரச்சொல்லி அண்ணன் கேட்கும்போதெல்லாம் முதலாளி சொன்ன பதில் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம்: "அதான் இத்தனை பொம்பளைங்க இருக்காங்கள்ல, எறங்கித் தள்ளச் சொல்லு."

ஆரம்பத்தில் அது விளையாட்டாகத்தான் இருந்தது. சத்தம் போட்டுக்கொண்டு தள்ளுவோம். இஞ்சின் பிடித்ததும் கரும்புகை முகத்தில் அடிக்கும்; ஓடிப்போய் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்து ஏறுவோம். மழைக்காலம் வந்ததும் விளையாட்டு போய்விட்டது. நாளெல்லாம் குத்துக்காலிட்டுச் செடித்தூரில் காய் எடுத்த இடுப்பு, அட்டை கடித்த கால், அதோடு சேற்றில் வழுக்கிக்கொண்டு ஒரு லாரியைத் தள்ளுவது. அத்தையும் தள்ளினாள். "நம்மளக் காய் எடுக்கக் கூப்பிட்டாங்களா, இஞ்சினுக்குப் பதிலாக் கூப்பிட்டாங்களா?" என்று முனகிக்கொண்டே தள்ளினாள்.

அப்படி ஒரு சாயங்காலம் வண்டி மேட்டு உச்சிக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. ஒரு கணம்தான். பிறகு எங்கள் உள்ளங்கைமேல் அதன் எடை திரும்பி வந்தது. டிரைவர் அண்ணன், "ஒதுங்குங்க! ஒதுங்குங்க!" என்று கத்தினார். ஒதுங்கினோம். ஈஸ்வரிக்கு மட்டும் செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. எங்களோடு காய் எடுக்கிறவள்; அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பின்சக்கரம் அவளுடைய வலது பாதத்தில் ஏறி இறங்கியது.

அத்தைதான் அவளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். ஸ்டோரிலிருந்து எஸ்டேட் ஜீப்பு வரும் வரை ஈஸ்வரி கத்திய கத்தல் எனக்கு இப்போதும் கேட்கும். அத்தையின் கண் ஈஸ்வரியின் முகத்தில் இல்லை. லாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலாளி ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொண்டார். அதைச் சொல்லத்தான் வேண்டும். மாவுக்கட்டுப் போட்டு ஈஸ்வரியை வீட்டுக்கு அனுப்பினார்கள். "பாத்து நின்னிருக்கக் கூடாதாம்மா?" என்று அவளிடமே கேட்டாராம்.

மறுநாளும் வேலைக்குப் போனோம். சாயங்காலம் மூட்டை ஏற்றியாயிற்று. டிரைவர் அண்ணன் எங்கள் முகத்தைப் பார்க்காமல் சாவியைத் திருப்பினார். டக். சூப்பர்வைசர் வழக்கம்போலக் கையைத் தட்டினார். "ம்... வாங்கம்மா, வெரசாத் தள்ளுங்க. மழை வருது."

அத்தை களத்தின் ஓரத்துக்குப் போனாள். அங்கே கிடந்த பாறையில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா?"

"தள்ள மாட்டேன்."

"ஏன், ஒடம்பு சரியில்லையா?"

"ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வண்டிக்குத்தான் சரியில்ல. அதுக்கு வைத்தியம் பாருங்க."

மற்றவர்கள் தள்ளினோம். வண்டி அசைந்தது, மேட்டை நெருங்கியபோது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கால் கூசியது. யாரும் சொல்லாமலேயே கையை எடுத்துவிட்டு ஒதுங்கினோம். லாரி மெல்லப் பின்னால் உருண்டு களத்துக்கே வந்து நின்றது. நான் போய் அத்தை பக்கத்தில் உட்கார்ந்தேன். அடுத்து இன்னும் இரண்டு பேர். ராமுத்தாய் உட்காரவில்லை.

"ஒன் வீறாப்புக்கு எங்க வயித்துல அடிக்கிறியேடி!" என்று அத்தையைப் பார்த்துக் கத்தினாள். "எனக்கு மூணு வயிறு இருக்கு வீட்டுல. ஒனக்கு என்ன, புருஷன் ஆடு மேய்ச்சுப் போடுறான்!"

அத்தை தன் மடியிலிருந்து பொரிகடலையை எடுத்து அவளிடம் நீட்டினாள். ராமுத்தாய் அதைத் தட்டிவிட்டாள். கடலை சேற்றில் சிதறியது.

பச்சைக்காய் காத்திருக்காது. அன்றன்றைக்கே சூட்டில் போடாவிட்டால் நிறம் மங்கிவிடும்; நிறம் போனால் ஏலத்தில் விலை போகாது. இது எங்களுக்குத் தெரியும், முதலாளிக்கு அதைவிட நன்றாகத் தெரியும். அன்றைக்கு மூட்டைகளை ஜீப்பில் கொஞ்சம் கொஞ்சமாக ஸ்டோருக்கு ஏற்றினார்கள். நாங்கள் மழையில் ரோடு வரைக்கும் நடந்தோம். ராமுத்தாய் அத்தைக்கு முன்னால், முகத்தைத் திருப்பிக்கொண்டு, வேகவேகமாக நடந்தாள். அடுத்த நாளும் இதே. அதற்கு மறுநாள் முதலாளியே களத்துக்கு வந்துவிட்டார்.

அவர் கத்துகிறவர் இல்லை. குடையைப் பிடித்துக்கொண்டு, நிதானமாகத்தான் ஆரம்பித்தார்.

"என்னம்மா பிரச்சனை ஒனக்கு?"

"எனக்கு ஒண்ணும் இல்ல மொதலாளி. செல்ஃப் மோட்டாருக்குத்தான்."

"சீசன் முடியட்டும். இந்த வண்டியே காயலாங்கடைக்குப் போகப் போகுது. அதுக்குப் போயி எதுக்குச் செலவு?"

"வண்டி காயலாங்கடைக்குப் போயிரும். அதுவரைக்கும் கால ஒடிச்சுக்கிட்டு நாங்க எங்க போறது?"

"அது ஏதோ கெட்ட நேரம். அந்தப் புள்ள கவனிக்கல."

"அப்ப நீங்க கவனமாத் தள்ளிக் காட்டுங்க மொதலாளி. நாங்க பாத்துக் கத்துக்கிறோம்."

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். முதலாளியின் முகம் மாறியது.

"இங்க பாரு. போன் போட்டா நாளைக்கே வடக்கத்தி ஆளுக ஒரு வண்டி வந்து எறங்கும். ஒங்களை நம்பி இந்தத் தோட்டம் இல்ல."

"கூட்டிட்டு வாங்க. அவுங்களுக்கும் ரெண்டு காலுதான்."

முதலாளி மூட்டைகளைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். டிரைவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் இதற்குத்தான் காத்திருந்த மாதிரி, "கழட்டிக் குடுத்தா போடியில பாய்கிட்ட ஒரு நாள்ல சரி பண்ணிரலாம் மொதலாளி" என்றார்.

"யாரு கொண்டு போறது? நீ போயிட்டா இங்க யாரு இருக்கா?"

"கழட்டித் தாங்க" என்றாள் அத்தை. "நான் கொண்டு போறேன். இன்னொண்ணு. ஈஸ்வரி கால் ஊன்றவரைக்கும் போடியில மூட்டை அடுக்கி வைக்கிற ஒங்க கிட்டங்கியில அவளுக்குக் காய் பிரிக்கிற சோலி குடுங்க. உக்காந்து செய்யிற சோலிதான்."

முதலாளி ஜீப்பில் ஏறும்போது, "கழட்டு" என்று மட்டும் அண்ணனிடம் சொன்னார்.

செல்ஃப் மோட்டாரை நான் அதுவரை பார்த்ததில்லை. கைக்குழந்தை நீளத்துக்கு, எண்ணெயும் சேறும் அப்பிய ஓர் இரும்பு உருளை. அண்ணன் லாரிக்கடியில் படுத்து, துருப்பிடித்த போல்ட்டுகளோடு மல்லுக்கட்டிக் கழற்றி, உரச்சாக்கில் சுற்றிக் கொடுத்தார். அத்தை அதை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் வந்தாள். மெட்டிலிருந்து அடிவாரத்து முந்தல் வரைக்கும் வளைவுக்கு வளைவு அது உருளாமல் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள். சேலையெல்லாம் கிரீஸ். ராமுத்தாய் அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் காலை நானும் அத்தையும் வேலைக்குப் போகவில்லை. பாய் கடை பஸ் ஸ்டாண்டைத் தாண்டி இருந்தது. டைனமோ, செல்ஃப் வேலை மட்டும் பார்க்கிற சின்னக் கடை. பாய் மோட்டாரை வாங்கி மேசைமேல் வைத்தார். "மொதலாளி காலையிலயே போன் பண்ணிட்டாரும்மா. கார்பன் மாத்திக் குடுக்கச் சொன்னாரு. அரை மணி நேரத்துல தந்துர்றேன்" என்றார்.

திறந்தார். உள்ளே இருந்து கருப்புப் பொடி கொட்டியது. கார்பன் கட்டைகள் தேய்ந்து நகக்கண் அளவுக்கு இருந்தன. பாய் நடுவில் சுழலுகிற ஆர்மேச்சரை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். உச்சுக்கொட்டினார்.

"என்ன பாய்?" என்றாள் அத்தை.

"கார்பன் மட்டும் இல்லம்மா. ரெண்டு பக்கமும் புஷ்ஷு தேஞ்சு, இது ஆடி ஆடி உள்ளயே ஒரசியிருக்கு. காயிலு கருகிப்போச்சு. முன்னாடி இருக்கிற பல்லும் மழுங்கிருச்சு."

"கார்பன மட்டும் மாத்துனா?"

"ஓடும். கொஞ்ச நாளைக்கு."

"அப்பறம்?"

"அப்பறம் பழையபடி தள்ள வேண்டியதுதான்."

அத்தை கடை வாசலில் உட்கார்ந்தாள்.

"எல்லாத்தையும் மாத்துங்க."

பாய் சங்கடமாக என்னைப் பார்த்தார். "மொதலாளி சொல்லாம நான் எப்படிம்மா செய்றது? அவரு என் கஸ்டமரு."

"அப்ப போனப் போடுங்க."

பாய் போட்டார். அவர் பேசி முடிப்பதற்குள் அத்தை கையை நீட்டினாள். பாய் போனைக் கொடுத்துவிட்டார். அந்தப் பக்கக் குரல் எனக்கும் கேட்டது.

"மொதலாளி, நான் சிலமலைக்காரி பேசுறேன். உள்ள எல்லாம் போச்சாம்."

"ஒனக்கென்ன தெரியும் மோட்டாரப் பத்தி?"

"ஒண்ணும் தெரியாது. வண்டிக்குப் பின்னாடி நிக்கிறது யாருன்னு மட்டும் தெரியும்."

"நான் சொன்னத மட்டும் செய்யச் சொல்லு."

"செய்யச் சொல்றேன். ஆனா அது திரும்ப நின்னா, நாங்களும் திரும்ப உக்காருவோம். அன்னைக்கும் களத்துல மூட்டை இருக்கும்."

லைன் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். பிறகு, "பாய்கிட்ட குடு" என்று கேட்டது. பாய் வாங்கி, சரிங்க, சரிங்க என்று சொல்லிவிட்டு வைத்தார். வைத்ததும் உள்ளே திரும்பி, "டீ சாப்பிடுறீங்களாம்மா?" என்றார்.

அன்று முழுவதும் அங்கேயே இருந்தோம். பாய் புஷ்ஷைத் தட்டி எடுத்துப் புதிது இறக்கினார். ஆர்மேச்சரை எதிர்க் கடைக்குக் கொடுத்துச் செம்புக்கம்பி புதிதாகச் சுற்றி வாங்கினார். பல்சக்கரம் மாற்றினார். அத்தை ஒவ்வொன்றையும் கேட்டாள். இது என்ன, அது எதுக்கு. பாய் சலிக்காமல் சொன்னார். சொன்னதில் பாதி அவளுக்குப் புரியவில்லை என்று அவளே ஒத்துக்கொண்டாள். மத்தியானம் அவள் தூக்குவாளிச் சோற்றை மூன்று பேரும் பகிர்ந்து தின்றோம். கழற்றிப்போட்ட பழைய கார்பனைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்து, "இத்தனூண்டுச் சாமானுக்காகவா அந்தப் புள்ளைக்குக் கால் போச்சு" என்றாள். அப்போதுதான் அவள் கண் கலங்கியதைப் பார்த்தேன். உடனே மூக்கைச் சிந்திவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டாள்.

சாயங்காலம் பாய் மோட்டாரைத் தரையில் வைத்து, பேட்டரியிலிருந்து இரண்டு வயர் இழுத்தார். "காலால மிதிச்சுப் புடிச்சுக்கணும். வயரு பட்டதும் துள்ளும்" என்று காலைத் தூக்கினார்.

"நான் மிதிக்கிறேன்" என்றாள் அத்தை.

"வேணாம்மா. ஒதைக்கும்."

"ஒதைக்கட்டும். இம்புட்டு நாளா என்னைய ஒதைச்சது இதுதான்."

செருப்பைப் போட்டுக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகி, மோட்டார்மேல் அழுத்தி மிதித்தாள். பாய் வயரைத் தொட்டார். நெருப்புப்பொறி பறந்தது. மோட்டார் அவள் காலடியில் ஒரு துள்ளு துள்ளி, விர்ரென்று சுற்றியது. அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு, "துள்ளுதுடி! ஆத்தா, துள்ளுதுடி!" என்று சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தாள். இன்னொருமுறை வயரை வைக்கச் சொன்னாள். பாய் வைத்தார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

அடுத்த நாள் அண்ணன் அதைப் பூட்டினார். சாயங்காலம் மூட்டை ஏற்றியதும் நாங்கள் பழக்கத்தில் கீழேயே நின்றோம். "ஏறுங்கம்மா, எல்லாரும் மேல ஏறுங்க" என்றார் அண்ணன். ஏறி மூட்டைகள்மேல் உட்கார்ந்தோம். சாவி திரும்பியது, லாரி ஒரு குலுக்கல் குலுக்கி உறுமியது. அந்த அதிர்வு மூட்டை வழியாக எங்கள் உடம்புக்குள் வந்தது. அதுவரை அந்த வண்டி கிளம்புவதை நாங்கள் பின்னால் புகைக்குள் நின்றுதான் பார்த்திருக்கிறோம். ராமுத்தாய் தன்னை மறந்து கையைத் தட்டினாள். அத்தை பார்க்கிறாள் என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

ஈஸ்வரிக்கும் கிட்டங்கியில் வேலை கிடைத்தது. உடனே கிடைக்கவில்லை. இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை அத்தை போடியில் முதலாளி வீட்டுப் படிக்கட்டில் போய் உட்கார்ந்த பிறகு கிடைத்தது. கால் முழுசாகச் சரியாகவில்லை. நிச்சயம் செய்த மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கப் பார்த்தார்கள். அந்த வீட்டுக்கும் அத்தை போனாள் என்று சிலரும், ஈஸ்வரியே அவளை வேண்டாம் என்று தடுத்துவிட்டாள் என்று சிலரும் சொன்னார்கள். எது உண்மையென்று எனக்குத் தெரியாது. கல்யாணம் நடந்தது, வேறொரு பையனோடு.

சீசன் முடிந்தது. லாரி சொன்னபடியே காயலாங்கடைக்குப் போனது. அடுத்த சீசனுக்குப் புது வண்டி வந்திருப்பதாகச் சூப்பர்வைசர் போனில் சொன்னார், ஆட்களை ஸ்டாண்டுக்கு வரச் சொன்னார். எல்லோரையும் கூப்பிட்டவர் அத்தையை மட்டும் கூப்பிடவில்லை.

அவள் வந்துவிட்டாள். காலை முதல் பஸ்ஸில், தூக்குவாளியோடு, எப்போதும்போல. நாங்கள் ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தோம். சூப்பர்வைசர் கதவை மறித்து நின்றார்.

"ஒனக்கு இந்த வருஷம் சோலி இல்லம்மா. மொதலாளி சொல்லிட்டாரு."

அவள் அங்கேயே உட்காருவாள் என்று நான் எதிர்பார்த்தேன். எல்லோருமே எதிர்பார்த்தோம். சூப்பர்வைசர்கூடத் தரையைப் பார்த்தார். ஆனால் அத்தை உட்காரவில்லை. "சரி, அவரு தோட்டம்" என்றாள். நேராக இரண்டு ஜீப்பு தள்ளி நின்ற, வேறொரு தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்த வண்டிக்குப் போனாள்.

சூப்பர்வைசர் அந்த டிரைவரைப் பார்த்துக் கத்தினார். "மாப்ளே, அந்தம்மாவ ஏத்தாத! வம்பு!"

அத்தை திரும்பினாள். "ஆமாய்யா, வம்புதான்!" என்று ஸ்டாண்டுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். டிரைவரிடம், "ஆள் வேணுமா வேணாமா?" என்றாள். சீசன் தொடக்கம். யாருக்கு ஆள் வேண்டாம்? அவன் சிரித்துக்கொண்டே பின்பக்கத்தைக் காட்டினான். ஏறி உட்கார்ந்தாள்.

எங்கள் ஜீப்பில் என் பக்கத்தில் ராமுத்தாய் உட்கார்ந்திருந்தாள். திடீரென்று தன் பையைத் தூக்கினாள். "என்ன, எங்க போற?" என்றார் சூப்பர்வைசர். அவள் பதில் சொல்லாமல் அவர் கையைக் கதவிலிருந்து எடுத்துவிட்டு இறங்கினாள். நானும் இறங்கினேன். எனக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அந்த ஜீப்பை நோக்கி நடந்தோம். சூப்பர்வைசர் எங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

அத்தை எங்களைப் பார்த்ததும் சந்தோஷப்படவில்லை. புருவத்தை நெரித்தாள்.

"ஒங்கள யாருடி வரச் சொன்னா? எனக்காகன்னு வந்தீங்கன்னா அப்படியே திரும்பிப் போயிருங்க. ஒங்களுக்காகன்னா ஏறுங்க."

ராமுத்தாய் ஒரு காலை ஜீப்பில் வைத்தாள்.

"எங்களுக்காகத்தான்டி" என்றாள். "தள்ளி உக்காரு."

அத்தை தள்ளி உட்கார்ந்தாள்.